காலண்டர் விற்ற உதவி கோச்: அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் ஹெட் கோச் ஆக விரும்புகிறவர்களுக்கு

1978-இல் ராய் வில்லியம்ஸ் அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் ஒரு பள்ளியில் கூடைப்பந்து கோச். குடும்பம் உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. அதை விட்டுவிட்டு நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச் டீன் ஸ்மித்திடம் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்தார். வருடச் சம்பளம் 2,700 டாலர். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. அது போதாமல் ஸ்மித்தின் வாராந்திர டிவி நிகழ்ச்சியின் டேப்பைக் காரில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி நிலையங்களுக்கு ஓட்டிப் போய்க் கொடுத்தார். கோடையில் அணியின் படம் போட்ட காலண்டர்களைக் கடை கடையாக ஏறி விற்றார். பத்து வருடம் ஸ்மித்தின் அறையிலேயே இருந்தார். 1988-இல் கேன்சஸ் பல்கலைக்கழகம் அவரை ஹெட் கோச் ஆக்கியது. அந்த வருடம்தான் கேன்சஸ் தேசியக் கோப்பையை வென்றிருந்தது. வில்லியம்ஸோ அதுவரை எந்தக் கல்லூரியிலும் ஹெட் கோச்சாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. பிறகு நார்த் கரோலினாவுக்கே திரும்பி 2005, 2009, 2017 என்று மூன்று கோப்பைகள் வென்றார்.

இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்ட உத்திகளைப் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். உத்தி வேண்டும்தான், ஆனால் அது எல்லோரிடமும் இருக்கிறது. யாருடைய அறையில், என்ன வேலை செய்துகொண்டு, எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதுதான் உங்களை அடுத்த அறைக்குக் கொண்டுபோகும். நம் ஊரில் பாட்டுக்காரரைப் பார்த்து "யாருகிட்ட பாடம்?" என்று கேட்பார்களே, அதே கேள்விதான். 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் பிற்பாடு கேன்சஸின் முதல் கோச் ஆனார். அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன், ஆலனிடம் ஆடியவர் டீன் ஸ்மித், ஸ்மித்திடம் தொழில் கற்றவர் வில்லியம்ஸ். நான்கே தலைமுறை. (ஒரு வேடிக்கை: கேன்சஸ் கோச்சுகளில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்றவர் ஒருவர்தான். அது விளையாட்டைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்.)

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் களத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மார்ச் மாதம் தேசியக் கோப்பைக்காக மோதி டிவியில் வரும் 68 அணிகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். என்சிஏஏ என்ற அமைப்பின் முதல் பிரிவில் மட்டும் சுமார் 360 கல்லூரிகள் உண்டு. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். அதற்கு வெளியே என்ஏஐஏ என்ற தனி அமைப்பில் சிறு கல்லூரிகள், அப்புறம் இரண்டு வருடப் படிப்பு தரும் ஜூனியர் காலேஜ்கள். எல்லாவற்றிலும் ஹெட் கோச் என்ற நாற்காலி இருக்கிறது. மேல்தட்டில் அந்த நாற்காலிக்கு வருடத்துக்குப் பல மில்லியன் டாலர். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே ஹெட் கோச் தானே வேன் ஓட்டுவார், தானே ஆட்டத்தின் வீடியோவை வெட்டுவார், சில இடங்களில் வகுப்பும் எடுப்பார்.

சிறிய கல்லூரி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட் ஃபிளெமிங் ஒஹாயோவில் மவுண்ட் வெர்னான் நாசரீன் என்ற சிறு கல்லூரியின் ஹெட் கோச்சாக இருந்தவர். 2014 ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் அணி சீனாவை 65–58 என்று வீழ்த்தியபோது நம் அணியின் கோச் அவர்தான்.

உள்ளே நுழையும் கதவு

பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும் என்ற பயம் பலருக்கு. தேவையில்லை. டஸ்டி மே இண்டியானா பல்கலைக்கழகத்தில் பாப் நைட்டின் அணிக்கு ஸ்டூடென்ட் மேனேஜராக இருந்தவர். மேனேஜர் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது: பந்து பொறுக்குவது, தண்ணீர் கொடுப்பது, வியர்வை சிந்திய தரையைத் துடைப்பது, பயிற்சியில் யார் எத்தனை ஷாட் போட்டார் என்று குறித்துக்கொள்வது, அழுக்குத் துணிக் கூடையைத் தள்ளிக்கொண்டு போவது. 2000-இல் படிப்பை முடித்தவர், 18 வருடம் வீடியோ வேலை, உதவி கோச் வேலை என்று ஊர் ஊராகப் போய், 2018-இல் ஃபுளோரிடா அட்லாண்டிக் என்ற பெயர் தெரியாத கல்லூரியில் ஹெட் கோச் ஆனார். 2023-இல் அந்த அணி தேசியக் கோப்பைப் போட்டியில் கடைசி நான்குக்குள் வந்தது. அரையிறுதியில் தோற்றது ஒரே ஒரு புள்ளியில், கடைசி நொடியில் விழுந்த கூடையில்.

ஆகவே முதல் படி இதுதான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே, ஆகஸ்டிலேயே, கூடைப்பந்து அலுவலகத்தில் போய் நில்லுங்கள். சீசன் நவம்பர் தொடக்கத்தில்தான், ஆனால் முழு அளவிலான பயிற்சி செப்டம்பர் கடைசியில் சூடு பிடித்துவிடும். அதற்குள் மேனேஜர் இடங்கள் நிரம்பிவிடும். ஹெட் கோச்சைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். டைரக்டர் ஆஃப் ஆபரேஷன்ஸ் என்று ஒருவர் இருப்பார். பஸ், ஹோட்டல், சாப்பாடு, கால அட்டவணை எல்லாம் அவர் தலையில். அவருக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். அவரைப் பிடியுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு கதவு பெண்கள் அணி. பல கல்லூரிகளில் பெண்கள் அணிக்கு எதிராகப் பயிற்சியில் ஆட ஆண் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அடுத்து வரப்போகும் எதிரணியின் ஆட்டத்தை அப்படியே ஆடிக் காட்டுவதுதான் வேலை. சுமாராக ஆடத் தெரிந்த, உயரமான, வேகமான பையனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வாரம் இரண்டு எதிரணிகளின் ஆட்டம் மனப்பாடம் ஆகிவிடும்.

மூன்றாவது, கோடை முகாம். ஜூன் மாதத்தில் ஏறக்குறைய எல்லாக் கல்லூரியும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தும். பில் செல்ஃபின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஓக்லஹோமா ஸ்டேட் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர், கேன்சஸ் நடத்திய முகாமில் வேலை செய்யப் போன இடத்தில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். அங்கே அப்போது கோச் லாரி பிரவுன். ஏதாவது உதவி வேண்டுமா என்று அவர் கேட்க, செல்ஃப் வேலையைக் கேட்டார். கிடைத்தது. பிற்பாடு அதே கேன்சஸுக்கு ஹெட் கோச்சாக வந்து 2008-லும் 2022-லும் கோப்பை வென்றார்.

முகாம் வேலைக்கு பிப்ரவரி, மார்ச்சிலேயே மெயில் போடுங்கள். ஐந்து வரி போதும்: யார், எங்கே படிக்கிறீர்கள், எந்தத் தேதிகளில் வர முடியும், எந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், போன் நம்பர். நீங்களே வரைந்த 40 பக்க ஆட்டத் திட்டத்தை இணைக்காதீர்கள். யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

கிராஜுவேட் அசிஸ்டென்ட்

இளநிலைப் படிப்பு முடிந்ததும் அடுத்த படி இது. முதுகலைப் படித்துக்கொண்டே அணியில் வேலை செய்யலாம். நல்ல இடமாக அமைந்தால் படிப்புக் கட்டணம் தள்ளுபடி, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். வேலை பெரும்பாலும் வீடியோ. எதிரணியின் ஆட்டங்களை வெட்டி, "இடது பக்கம் மட்டுமே ஓட்டுகிறான்", "கையில் பந்து வந்ததும் முதலில் பாஸைத்தான் பார்க்கிறான்" என்று வகைப்படுத்தித் தர வேண்டும்.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கூடைப்பந்து அலுவலகத்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, நீங்கள் பார்க்க வேண்டும். "சம்பளம் வேண்டாம், சும்மா வருகிறேன்" என்று சொல்வதும் விசாக்காரர்களுக்கு ஆபத்துதான். சம்பளமில்லாத வேலையும் சட்டத்தின் கண்ணில் வேலையாகலாம். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இதைச் சொல்லும்போது பிராட் ஸ்டீவன்ஸ் ஞாபகம் வருகிறார். இண்டியானாபொலிஸில் எலை லில்லி மருந்து நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தவர், 2000-இல் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்த பட்லர் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாமல் உதவ வந்தார். 2007-இல், 30 வயதில், அங்கேயே ஹெட் கோச். 2010-லும் 2011-லும் தொடர்ந்து இறுதி ஆட்டம். 2010-இல் டியூக் பல்கலைக்கழகத்திடம் 61–59 என்று தோற்றார்கள். 2013-இல் தொழில்முறை அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்லி ஊக்கம் கொடுப்பார்கள். அவர் அமெரிக்கக் குடிமகன், கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூட வழி

என்னைக் கேட்டால் ஆட்டம் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்ள இதுதான் சிறந்த வழி. கல்லூரியில் உதவியாளராக இருக்கும்வரை தோல்விக்கு இன்னொருவர் பொறுப்பு. பள்ளியில் 25 வயதிலேயே அது உங்கள் தலையில் விழும். டான் ஹர்லி நியூவார்க்கில் செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளியில் ஒன்பது வருடம் கோச். 2010-இல் வாக்னர் என்ற சிறு கல்லூரி, 2012-இல் ரோட் ஐலண்ட், 2018-இல் கனெக்டிகட். அங்கே 2023, 2024 இரண்டு வருடமும் கோப்பை. கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் 12 வருடங்களில் 10 கோப்பைகள் வென்ற ஜான் வுடனும் முதலில் பள்ளி வாத்தியார்தான். அவர் ஒவ்வொரு வருடமும் முதல் நாள் பயிற்சியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது சுருக்கமில்லாமல் சாக்ஸ் போடுவது எப்படி என்று. சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் இருந்தால் பயிற்சி இல்லை. கல்லூரியில் மட்டுமே வளர்ந்த கோச்சுக்கு அவ்வளவு சின்ன விஷயம் கண்ணில் படுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இந்த வழியின் குறை, கல்லூரிகள் உங்களை எளிதில் கவனிக்காது. உங்கள் பள்ளியில் நல்ல ஆட்டக்காரன் இருந்தால் அவனைப் பார்க்கக் கல்லூரி கோச்சுகள் வருவார்கள். அப்போது ஜிம்மைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்காமல் பேச்சுக் கொடுங்கள். அவனுடைய மதிப்பெண், அவன் அம்மாவின் வேலை நேரம், கணுக்காலில் பட்ட அடி என்று எல்லாம் நேர்மையாகச் சொன்னால் உங்கள் பெயர் அவர்கள் மனதில் நிற்கும்.

அசிஸ்டென்ட் கோச்: உண்மையான பரீட்சை

முதல் பிரிவில் ஒரு ஆண்கள் அணிக்கு ஐந்து உதவி கோச்சுகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் விதி வந்தது. ஆனால் அந்த விதிப்படி, வெளியூர் போய் ஆட்டக்காரர்களைத் தேடும் ரெக்ரூட்டிங் வேலைக்கு அவர்களில் மூன்று பேர்தான் போகலாம். அந்த மூன்றில் ஒருவராக ஆவதுதான் உங்கள் குறி. ஹெட் கோச் வேலைக்கு ஆள் தேடும்போது முதலில் கேட்பது, "இவர் யாரைக் கொண்டுவந்தார்?"

வெளியே போவதற்கு முன் வருடா வருடம் என்சிஏஏ வைக்கும் விதிமுறைத் தேர்வில் தேற வேண்டும். பிள்ளைகளை எந்தத் தேதிகளில் நேரில் சந்திக்கலாம், எந்தத் தேதிகளில் தூரத்திலிருந்து பார்க்க மட்டும் செய்யலாம், எப்போது முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று காலண்டர் உண்டு. ஜூலையில் சவுத் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் பீச் ஜாம் என்று பள்ளி வயது ஆட்டக்காரர்களுக்கான பெரிய போட்டி நடக்கும். பெரிய பெரிய ஹெட் கோச்சுகள் எல்லாம் கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தாங்கள் தேடி வந்த பையன் தங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே உட்கார்ந்திருப்பார்கள்.

ரெக்ரூட்டிங்கில் எழுதப்படாத இலக்கணம், வீட்டில் முடிவு எடுப்பவர் யார் என்று கண்டுபிடிப்பது. அப்பாவாக இருக்கும் என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருப்பீர்கள், கடைசியில் பார்த்தால் பாட்டி. நம்மவர்களுக்கு இது புதிதல்ல, பெண் பார்க்கப் போன அனுபவம் போதும்.

அடுத்தது ஸ்கௌட்டிங். சீசன் ஆட்டங்களை உதவி கோச்சுகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். உங்கள் பங்குக்கு வரும் எதிரணியின் கடைசி நான்கைந்து ஆட்டங்களைப் பார்த்து, ஒவ்வொரு ஆளின் பழக்கத்தையும் ஒரு தாளில் அடக்கி, பயிற்சியில் ஆடிக் காட்டி, ஆட்ட நாளில் ஹெட் கோச்சின் காதில் சரியான நேரத்தில் சரியான ஒரு வரியைச் சொல்ல வேண்டும். பத்து வரி சொன்னால் அடுத்த முறை காது கொடுக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் தொடவே கூடாது: பணப்பை. 2017 செப்டம்பரில் எஃப்பிஐ ஒரே நாளில் நான்கு கல்லூரிகளின் உதவி கோச்சுகளைக் கைது செய்தது. குற்றச்சாட்டு, ஆட்டக்காரர்களைச் சில ஏஜென்ட்டுகள் பக்கம் தள்ளிவிட லஞ்சம் வாங்கியது. இத்தனை வருட உழைப்பும் ஒரு உறையில் போய்விடும்.

மாறிவிட்ட கணக்கு

பழைய கோச்சுகளின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், முகத்தை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயரைப் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது. 2024-க்குப் பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்க வேண்டியில்லாமல் கல்லூரி மாறலாம். 2025 ஜூனில் ஒப்புதல் கிடைத்த ஒரு வழக்குத் தீர்வின்படி கல்லூரிகளே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

விளைவு, மார்ச் முடிந்ததும் பாதி அணி காலியாகலாம். முன்பு நான்கு வருடம் வளர்த்த பையனை இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகச் சம்மதிக்க வைக்க வேண்டும். இரண்டு கோப்பை வென்ற வில்லனோவா பல்கலைக்கழகத்தின் ஜே ரைட் 2022-இல் 60 வயதில் ஓய்வு பெற்றார். வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, 55 வயதில் விலகினார். இந்தப் புதிய சூழலுக்குத் தான் சரியான ஆள் இல்லை என்று பென்னட் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். புதிதாக வருகிறவர்களுக்கோ இதில் ஒரு வாய்ப்பு. பட்ஜெட்டும் ஒப்பந்தமும் புள்ளிவிவரமும் தெரிந்த இளைஞனுக்கு இன்று அலுவலகத்தில் இடம் உண்டு. ஒரு எக்செல் தாளில் 15 பேர் அணிக்கான செலவுக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள்.

முதல் ஹெட் கோச் வேலை

கிடைத்ததே போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடக் கூடாத இடம். பில் செல்ஃபின் முதல் ஹெட் கோச் வேலை ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில். முதல் சீசனில் 6 வெற்றி, 21 தோல்வி. நான்காவது சீசனில் 21 வெற்றி. மைக் ஷெஷெஃப்ஸ்கி, ஊரே 'கோச் கே' என்று கூப்பிடுபவர், டியூக்கில் முதல் மூன்று சீசன்களில் 38 வெற்றி, 47 தோல்வி. அவரைத் துரத்தச் சொல்லிப் பணக்கார ஆதரவாளர்கள் கூச்சல் போட்டார்கள். விளையாட்டுத்துறை இயக்குநர் டாம் பட்டர்ஸோ 1984 தொடக்கத்தில் புது ஒப்பந்தத்தை நீட்டினார். கோச் கே 2022-இல் ஓய்வு பெற்றபோது ஐந்து கோப்பைகள், மொத்தம் 1,202 வெற்றிகள். கல்லூரியைப் பார்ப்பதைவிட அதன் இயக்குநரைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அவர் எத்தனை வருடமாக இருக்கிறார், முந்தைய கோச்சை எத்தனாவது வருடம் அனுப்பினார், அடுத்த வருடம் அவரே இருப்பாரா?

நேர்முகத் தேர்வில் நீங்கள் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. பெரிய கல்லூரிகளின் மைதானத்துக்குப் போய்ப் பணத்துக்காகத் தோற்றுவிட்டு வரும் ஆட்டங்கள் எத்தனை? சிறு கல்லூரிகள் இப்படி ஆட்டத்துக்குப் பத்தாயிரக்கணக்கான டாலர் வாங்கித்தான் கணக்கை நேர் செய்கின்றன. அந்தத் தோல்விகள் உங்கள் பெயரில்தான் பதிவாகும். உதவி கோச்சுகளுக்கு என்ன சம்பளம்? பயணம் பஸ்ஸிலா, விமானத்திலா? பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கத் தனி ஆள் உண்டா?

ஒப்பந்தத்தில் பைஅவுட் பகுதியை வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். அவர்கள் உங்களை அனுப்பினால் மீதி வருடங்களுக்கு என்ன தருவார்கள், நீங்களாகப் போனால் என்ன கட்ட வேண்டும், வேறு வேலை கிடைத்ததும் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்வார்களா என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும்.

பெண்கள் அணியில் வரலாறு வேறு. பேட் சமிட் 1974-இல், 22 வயதில், டென்னசி பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச். மாதம் 250 டாலர். அணியின் உடைகளைத் தானே துவைத்து, வேனையும் தானே ஓட்டினார். 2012-இல் விலகும்போது 1,098 வெற்றிகள், எட்டுக் கோப்பைகள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

ஆச்சரியம் என்னவென்றால் கூடைப்பந்துக்கு நேரம் குறைவு. சீசனில் ஆட்டக்காரர்களை வாரம் 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். மிச்ச நேரமெல்லாம் நன்கொடையாளருடன் மதியச் சாப்பாடு, ரேடியோ நிகழ்ச்சி, பெற்றோர் போன், வகுப்புக்குப் போகாதவனின் வாத்தியாரிடம் கெஞ்சல். உதவியாளர் தப்பு செய்தாலும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விதிமீறலுக்கு ஹெட் கோச்சே பொறுப்பு.

வேலை போகும். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு முறை போகும். போனால் வெட்கப்படாமல் இன்னொருவரிடம் உதவியாளராகப் போய்ச் சேருங்கள், அது இந்தத் தொழிலில் சகஜம்.

இன்னும் எங்கும் கால் வைக்காதவர்கள் ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பணம் சேர்த்து வையுங்கள். கடைசி நான்கு அணிகள் மோதும் ஊரில் கோச்சுகள் சங்கத்தின் மாநாடும் அதே நாட்களில் நடக்கும். சங்கம் 1927-இல் ஃபாக் ஆலன் ஆரம்பித்தது. 2027-இல் டெட்ராய்ட், 2028-இல் லாஸ் வேகஸ். ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கோச்சுகள் தங்கும் ஹோட்டல் எது என்று விசாரித்து, அதன் வரவேற்புக் கூடத்தில், தேய்த்த சட்டையோடு, ஒரு சின்ன நோட்டோடு நில்லுங்கள். அந்த வருடத்து வேலைகளில் பாதி அங்கே காபி வரிசையில்தான் பேசி முடிகிறது. ஹெட் கோச்சைச் சுற்றி ஏற்கெனவே கூட்டம் இருக்கும். பக்கத்தில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் டைரக்டர் ஆஃப் ஆபரேஷன்ஸிடம் போய்ப் பேசுங்கள்.